செல்வம் எங்கே தேங்குகிறது? புதுச்சேரியின் மூன்று வாரிசுச் சட்டங்களும் ஒரு கணக்கும்



புதுச்சேரி நகரில் கால்வாய்க்கு மேற்கே, தெற்குப் பக்கமாக, காஜியார் வீதியும் முல்லா வீதியும் குத்பா பள்ளிவாசலும் அமைந்துள்ளன. அங்கிருந்து சிறிது தூரம் கிழக்கே நடந்தால் வெள்ளை நகரம் என்று நம் முன்னோர் அழைத்த பிரெஞ்சுப் பகுதி வந்துவிடும். நடந்தே சுற்றிவிடக்கூடிய இந்தச் சிறிய ஊரில், ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து மூன்று வகையாகப் பிரிக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. ஒரு வீதியில் ஒரு சட்டம், அடுத்த வீதியில் வேறு சட்டம். இறந்தவர் எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய மகளுக்குக் கிடைப்பது என்ன, மனைவிக்குக் கிடைப்பது என்ன என்பது தீர்மானமாயிற்று.

1819 ஜனவரி 6ஆம் நாள் பிரெஞ்சு நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தது. இந்தியர்கள், அவர்கள் கிறிஸ்தவராயினும், 'மூர்' ஆயினும், இந்துவாயினும், முன்பு போலவே தத்தம் சட்டப்படியும் வழக்கப்படியும் நீதி பெறுவார்கள் என்பது அதன் கருத்து. 'மூர்' என்று அவர்கள் குறிப்பிட்டது நம்மைத்தான். ஆகவே முஸ்லிம் குடும்பங்களின் பாகப்பிரிவினை ஷரீஅத்தின்படியும், இந்துக் குடும்பங்களின் பிரிவினை அவர்களுடைய சாஸ்திர வழக்கப்படியும் நடைபெற்றன. பின்னர் 1881 செப்டம்பர் 21ஆம் நாளின் ஆணை மூன்றாவது வழியைத் திறந்தது. ஒருவர் தம் பரம்பரைச் சட்டத்தைத் துறப்பதாக அதிகாரி முன் அறிவித்து, புதிய குடும்பப் பெயர் ஒன்றையும் ஏற்றுக்கொண்டால், அன்று முதல் அவரும் அவருடைய சந்ததியும் நெப்போலியன் காலத்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடுவார்கள். இப்படிச் செய்தோரை 'ரெனோன்சான்' என்றார்கள். திரும்பி வர வழியில்லாத முடிவு அது. காலணியோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்டு, வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லபோர்த்' என்ற பெயரை ஏற்றது இந்த வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி.

இவையெல்லாம் வழக்கறிஞர்கள் பேச வேண்டியவை என்று சிலருக்குத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் ஊரில் செல்வம் சிலரிடம் தேங்குவதற்கும் பலரிடம் பரவுவதற்கும் காரணம் என்ன என்று ஆராய்ந்தோர், கடைசியில் இந்தப் பாகப்பிரிவினை வாசலில் வந்துதான் நிற்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் சற்று வெளியே சென்று வர வேண்டும்.

1848இல் பாரிஸ் நகரில் பிறந்த இத்தாலியர் ஒருவர், பெயர் வில்ஃப்ரெடோ பரேட்டோ. இரயில்வேப் பொறியாளராகத் தொடங்கி, சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியரானவர். அவர் 1896, 1897 ஆண்டுகளில் வெளியிட்ட நூலுக்காக வரிக் கணக்கு அட்டவணைகளைத் திரட்டினார். இங்கிலாந்து, பிரஷ்யா, சாக்சனி, இத்தாலிய நகரங்கள் ஆகியவற்றோடு, 15, 16ஆம் நூற்றாண்டு ஆக்ஸ்பர்க் நகரத்தின் அட்டவணைகளும் அவற்றில் இருந்தன. நாடு வேறு, காலம் வேறு, ஆட்சி வேறு. ஆயினும் உயர் வருமானக்காரர்களின் எண்ணிக்கை ஒரே மாதிரியாகக் குறைந்து சென்றது. அவர் கண்டதை எளிதாகச் சொன்னால் இப்படி இருக்கும்: ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் வருமானம் உடையோர் 1000 பேர் என்றால், அதன் இரு மடங்குக்கு மேல் உடையோர் ஏறத்தாழ 350 பேர்; நான்கு மடங்குக்கு மேல் 125 பேர்; எட்டு மடங்குக்கு மேல் 44 பேர். மேலே செல்லச் செல்ல ஆட்கள் குறைகிறார்கள், ஆனால் அடியோடு தீர்ந்துபோவதில்லை. மனிதரின் உயரத்தை அளந்தால் பதினைந்து அடி மனிதர் ஒருவரையும் காண முடியாது. செல்வத்தை அளந்தாலோ சராசரியைப் போல் ஆயிரம் மடங்கு உடையவரும் அந்த வரிசையில் நிற்கிறார்.

எங்கும் ஒரே வடிவம் தென்பட்டதால், இது மனித இயல்பிலிருந்து வருவது, நிறுவனங்களாலும் சட்டங்களாலும் பெரிதாக மாறாதது என்ற கருத்துக்குப் பரேட்டோ வந்தார். நம்மவரிலும் சிலர் இதே கருத்தை மார்க்கத்தின் பெயரால் கூறுவதுண்டு. வாழ்வாதாரத்தில் ஒருவரை மற்றவரைவிட உயர்த்தியிருப்பதாக அல்லாஹ் அஸ்ஸுக்ருஃப் அத்தியாயத்தில் அறிவித்திருக்கிறானே, பிறகு ஏற்றத்தாழ்வைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பார்கள். ஏற்றத்தாழ்வு இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதே அல்லாஹ், அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் ஏழாம் வசனத்தில், போரின்றிக் கிடைத்த செல்வத்தை யார் யாருக்குப் பங்கிட வேண்டும் என்று வகுத்துவிட்டு, செல்வம் உங்களில் வசதி படைத்தோருக்குள்ளேயே சுழன்றுகொண்டிராமல் இருப்பதற்காக என்று அதன் காரணத்தையும் கூறுகிறான். முதல் வசனத்தை ஓதி இரண்டாவதை விட்டுவிடுவது சரியான ஓதுதல் ஆகாது.

செல்வம் ஏன் சிலரிடம் சேர்கிறது? பேராசை, சூழ்ச்சி, சுரண்டல் என்று உடனே விடை வரும். அவையும் உண்டு. ஆனால் அவை ஒன்றுமே இல்லாவிட்டாலும் சேரும் என்பதைக் கணிதம் காட்டுகிறது. கொல்கத்தாவின் சாஹா அணு இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த இயற்பியலாளர்கள் இத்துறையில் உலகறிந்த பணி செய்திருக்கிறார்கள். 2005இல் இதற்கென்றே அந்நகரில் ஒரு கருத்தரங்கு நடந்தது. இத்தகைய ஆய்வுகளில் வரும் ஒரு மாதிரிக் கணக்கை மட்டும் பார்ப்போம். (சூதாட்டம் ஹராம். இது கணக்குக்காகச் சொல்லும் உவமை மட்டுமே.)

இருவர் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். பந்தயத் தொகை, இருவரில் ஏழையானவரிடம் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. வெற்றி யாருக்கு என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்கிறார்கள். மோசடி இல்லை, இருவருக்கும் சம வாய்ப்பு. ஏழையிடம் 100 ரூபாய் இருக்கிறது. முதலில் வென்றால் 120 ஆகிறது. அடுத்து தோற்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 24 போய், 96 மிஞ்சுகிறது. முதலில் தோற்றாலோ 80. அடுத்து வென்றால் 16 சேர்ந்து அதே 96. ஒரு முறை வென்று ஒரு முறை தோற்றவர், சமமான ஆட்டத்தில், நான்கு ரூபாயை இழந்து நிற்கிறார். செல்வர் அந்த நான்கு ரூபாயைப் பெற்றதை உணர்ந்திருக்கவும் மாட்டார். இதையே ஆயிரம் பேருக்கிடையே நெடுங்காலம் நடத்தினால் ஏறத்தாழ எல்லாச் செல்வமும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு மாற்றம் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாருடைய இருப்பிலிருந்தும் சிறு விகிதம் எடுத்து அனைவருக்கும் பகிர்ந்தளித்தால் என்ன ஆகும்? தேக்கம் நின்றுவிடுகிறது. ஏற்றத்தாழ்வு மறைவதில்லை, செல்வர் இருக்கிறார், எளியவரும் இருக்கிறார். ஆனால் எல்லாம் ஒரே கையில் போய் முடிவதில்லை. கவனிக்க வேண்டியது, எடுக்கப்படும் விகிதம் வருமானத்தின் மீதல்ல, கையிருப்பின் மீது. மத்ரஸாவில் ஜகாத் பாடம் ஓதிய பிள்ளைகள் இந்த இடத்தில் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்த கையிருப்பில் நாற்பதில் ஒரு பங்கு என்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. தொழிலில் இடாமல் பூட்டி வைத்த பெருந்தொகை ஒன்று, ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் ஜகாத் கொடுத்து வந்தால், ஏறத்தாழ 27 ஆண்டுகளில் பாதியாகிவிடும். இந்தக் கணிதம் வந்துதான் ஜகாத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. ஜகாத் இபாதத், அதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் 'இரண்டரை சதவீதத்தால் என்ன மாறிவிடும்' என்று கேட்போருக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

ஜகாத் ஆண்டுதோறும் நடப்பது. தலைமுறைக்கு ஒருமுறை நடப்பது மீராஸ். இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம்.

ஒரு வணிகர் 32 லட்சம் விட்டு இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர், கடனும் வஸிய்யத்தும் இல்லை. ஷரீஅத்தின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, 4 லட்சம். மீதி 28 லட்சத்தில் மகனுக்கு 14, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 7. பக்கத்து வீதியில் அவர் ரெனோன்சானாக இறந்திருந்தால் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்குப் பத்தே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். மகளுக்கு இது கூடுதல்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மனைவியின் நிலையைப் பாருங்கள். 1804இன் பிரெஞ்சுச் சட்டம், திருமண ஒப்பந்தம் வழியாக அவளுக்கு உரியதைத் தவிர, கணவனின் மரபுச் சொத்தில் அவளைத் தூரத்து உறவினருக்கும் பின்னால் நிறுத்தியது. 1891இல்தான் அனுபவிக்கும் உரிமை மட்டும் தரப்பட்டது. அக்காலத்து இந்து வழக்கிலோ சொத்து மகனிடம் சென்றது. விதவைக்கு ஜீவனாம்சம், மகளுக்குத் திருமணச் சீர். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்து, 1963இல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்ட பிறகே அந்த நிலை மாறத் தொடங்கியது. இங்கிலாந்தில் உயில் இல்லாவிட்டால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்ற விதி 1925 வரை நீடித்தது. பேரளவு நிலம் சில பிரபுக் குடும்பங்களிடமே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மகனுக்கு ஏன் இரு பங்கு என்ற கேள்வி பலமுறை எழுப்பப்பட்டு, பலமுறை விளக்கப்பட்டது. குடும்பச் செலவும் மஹரும் ஆணின் பொறுப்பு, பெண்ணின் பங்கோ முழுக்க அவளுடையது என்பது அதன் சுருக்கம். இங்கே நாம் பார்ப்பது வேறு. பெருஞ்சொத்து ஒரு தலைமுறையில் எத்தனை கைகளுக்குப் போகிறது?

இதற்கு நம்மிடம் எண்களோடு கூடிய அரிய சான்று ஒன்று இருக்கிறது. ஹிஜ்ரி 36இல் கொல்லப்பட்ட ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் சொத்து விவரத்தை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. ரொக்கமாக அவர்கள் எதுவும் விட்டுச் செல்லவில்லை. நிலங்கள் இருந்தன; மதீனாவில் பதினொரு வீடுகள், பஸ்ராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, எகிப்தில் ஒன்று. கடன் மட்டும் 22 லட்சம். மக்கள் அமானிதமாகக் கொண்டு வருவதை, தொலைந்துபோனால் உரியவருக்கு நட்டமாகும் என்று அஞ்சி, கடனாகவே பெற்றுக்கொள்ளும் வழக்கத்தால் சேர்ந்த கடன் அது. 1,70,000க்கு வாங்கிய அல்ஃகாபா நிலத்தை அவர்களுடைய மகன் அப்துல்லாஹ் (ரலி) 16 லட்சத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார். பின்னர் உடன்பிறந்தோர் பாகம் கேட்டபோது, ஹஜ்ஜுக் காலங்களில் நான்கு ஆண்டுகள் அறிவிப்புச் செய்து, கடன்காரர் எவரும் எஞ்சியில்லை என்று உறுதியான பிறகே பிரித்தார். நான்கு மனைவியருக்கும் ஆளுக்கு 12 லட்சம் கிடைத்தது.

இதில் கணக்கு ஒன்று இடிக்கும். நான்கு மனைவியரின் 48 லட்சம் எட்டில் ஒன்று என்றால், வாரிசுகளுக்குரிய தொகை 3 கோடியே 84 லட்சம். வஸிய்யத்தான மூன்றில் ஒரு பங்கையும் கடனையும் கூட்டினால் 5 கோடியே 98 லட்சம் வருகிறது. ஹதீஸில் உள்ள மொத்தமோ 5 கோடியே 2 லட்சம். இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) ஃபத்ஹுல் பாரீயில் இதை விரிவாக ஆராய்கிறார்கள். முதல் தொகை இறந்த நாளின் மதிப்பு, மிகுதி அந்த நான்கு ஆண்டுகளில் சொத்து ஈட்டிய வருவாய் என்பது கூறப்பட்ட விளக்கங்களில் ஒன்று. அறிஞர்கள் பக்தியோடு கடந்து செல்லாமல் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதே நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

அதே ஹதீஸ் அவர்களுக்கு ஒன்பது ஆண் மக்களும் ஒன்பது பெண் மக்களும் இருந்ததாகக் கூறுகிறது. மனைவியர் பங்கு போக மீதி 3 கோடியே 36 லட்சத்தை 27 கூறாக்கினால் ஒரு கூறு ஏறத்தாழ 12,44,000. மகளுக்கு அது, மகனுக்கு அதன் இரு மடங்கு. மதீனாவின் மிகப் பெரிய சொத்துகளில் ஒன்று இருபத்திரண்டு வாரிசுகளிடம் பிரிந்தது. வாரிசுப் பங்காக எவர் கைக்கும் 25 லட்சம்கூடப் போகவில்லை. அதில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள்.

பரேட்டோவின் கருத்துக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. வடிவம் எங்கும் ஒன்றாகத் தோன்றலாம், அதன் செங்குத்து ஒன்றல்ல. நம் நாட்டின் எண்களே சான்று. தோமா பிக்கெட்டியும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 1922 முதல் 2023 வரையிலான இந்தியக் கணக்கை 2024இல் வெளியிட்டார்கள். வரி அட்டவணைகளையும் குடும்ப ஆய்வுகளையும் இணைத்து மதிப்பிட்டவை என்பதால் இவற்றைத் தராசுத் துல்லியமாகக் கொள்ளக் கூடாது. போக்கு தெளிவாகவே தெரிகிறது. நாட்டு வருமானத்தில் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரின் பங்கு 1930களின் இறுதியில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் 6 சதவீதமாக இறங்கியது. 2022-23இல் 22.6 சதவீதம். சொத்தில் அவர்களுக்குள்ள பங்கு 40.1 சதவீதம், கீழ்ப் பாதி மக்கள் அனைவருக்கும் சேர்த்து 6.4 சதவீதம். இயற்கை விதி என்றால் நாற்பது ஆண்டில் இறங்கி, மறு நாற்பது ஆண்டில் ஏறியிராது.

1922இல் தொடங்கும் அந்த வரி அட்டவணைகளில் நம் ஊர் இல்லை. 1954 நவம்பர் வரை புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. இந்திய வருமான வரிச் சட்டம் இங்கே வந்தது 1963இல். ஆனால் ஏற்றத்தாழ்வு மாறிய விதத்துக்கு இங்கும் அடையாளம் உண்டு. 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. கூலியின் வரலாறு தனியாக எழுதத் தக்கது.

மீராஸ் சட்டத்தின் மீது ஒரு குறையும் சொல்லப்படுகிறது. தீமூர் குரான் என்ற பொருளியலாளர், முஸ்லிம் நாடுகளில் வணிகரின் முதல் அவர் இறந்ததும் பலவாறாகச் சிதறியதால் பெரும் நிறுவனங்கள் வளரவில்லை என்று எழுதியிருக்கிறார். இது அலட்சியப்படுத்தத் தக்க வாதமன்று. ஓடுகிற கடையை வாரிசுகள் பூட்டிச் சாவியைப் பங்கிட்ட கதைகள் நமக்கும் தெரியும். ஆனால் பங்கு பிரிப்பது என்றால் கடையை உடைப்பது என்று பொருளில்லை. உரிமையை எழுத்தில் பிரித்துவிட்டு, தொழிலை ஒன்றாக நடத்தி, இலாபத்தைப் பங்கின்படி தருவதற்கு ஃபிக்ஹில் கூட்டுத் தொழில் விதிகள் இருக்கின்றன. குறை எழுத்து இல்லாததில் இருக்கிறது.

உண்மையில் இச்சட்டம் நிலவிய இடங்களிலும் அது முழுமையாக நடந்ததா என்பதே பெரிய கேள்வி. பிரிட்டிஷ் இந்தியாவின் பல பகுதிகளில் முஸ்லிம்கள் ஊர் வழக்கத்தைக் காட்டி மகளுக்குப் பங்கு மறுத்தார்கள். அதை நீக்கவே 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது; அதிலும் விவசாய நிலம் விலக்கப்பட்டிருந்தது. சென்னை மாகாணம் 1949இல் அந்த விலக்கை நீக்கியது. 1968இல் அச்சட்டம் புதுச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டது. இன்று ஏட்டில் ஒரு குறையும் இல்லை.

நடைமுறை நாம் எல்லாரும் அறிந்ததே. தகப்பனார் மௌத்தாகி நாற்பது நாள் கழிவதற்குள் விடுதலைப் பத்திரம் தயாராகிவிடுகிறது. 'உனக்குத்தான் நிக்காஹ்வில் நகை போட்டோமே, சீர் செய்தோமே' என்கிறார்கள். தங்கை, அண்ணனின் உறவு அறுந்துவிடுமோ என்று அஞ்சிக் கையெழுத்திடுகிறாள். தகப்பனார் உயிரோடு இருக்கையில் தந்த அன்பளிப்பு மீராஸில் கழிக்கத் தக்கதல்ல. அவர் இருக்கும்போதே பெண்ணிடம் எழுதி வாங்குவதற்கும் பொருளில்லை. மரணத்துக்கு முன் வாரிசுரிமை என்ற ஒன்றே உண்டாகவில்லை. பங்கு உண்டான பிறகு, அதன் அளவை அறிந்து, மனமுவந்து ஒரு வாரிசு ஈடு பெற்று விலகுவதற்கு 'தகாருஜ்' என்ற முறை உண்டு. தனக்கு வர வேண்டியது எவ்வளவு என்றே சொல்லப்படாத பெண்ணின் கையெழுத்து அந்த வகையில் சேராது.

அந்த 32 லட்சத்துக்கே திரும்புவோம். ஒவ்வொரு தலைமுறையிலும் அதே அளவு குடும்பம், புதிதாக எதுவும் சேரவில்லை, மனைவியின் பங்கையும் தனியே விட்டுவிடுவோம். ஷரீஅத்தின்படி பிரித்தால் மகனிடம் 14 லட்சம், பேரனிடம் 6,12,500. சகோதரிகள் இருவரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் மகனிடம் 28 லட்சம். அடுத்த தலைமுறையிலும் அவ்வாறே நடந்தால் பேரனிடம் 24,50,000. அதாவது சரியாக நான்கு மடங்கு. மீதி, அத்தைமாரின் பிள்ளைகளிடமும் பேரனின் சகோதரிகளிடமும் இருந்திருக்க வேண்டிய தொகை.